ராஜாவின் கெட்ட கனவும் சபாக் கஷாயமும்

கி.பி. 200 வாக்கில் சீனாவில் ஒருவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை. ஹான் சாம்ராஜ்யம் சரிந்துகொண்டிருந்தது. ஊருக்கு ஒரு தளபதி, தளபதிக்கு ஒரு படை, படைக்குச் சோறு கிடையாது. தளபதிகளில் பெரிய தலை சாவ் சாவ். தலை பெரியது மட்டுமல்ல, ஓயாமல் வலிக்கவும் செய்யும். தூங்குகிற நேரம் பார்த்து எவனாவது குத்திவிடுவான் என்ற பயம் வேறு. அதனால், தூக்கத்திலேயே ஆளை வெட்டுகிற வியாதி தனக்கு உண்டு, கட்டில் பக்கம் யாரும் வராதீர்கள் என்று வேலைக்காரர்களிடம் சொல்லி வைத்தார். ஒருநாள் போர்வை நழுவியது. பாவம், ஒரு பையன் எடுத்துப் போர்த்தப் போனான். சாவ் சாவ் எழுந்தார், வெட்டினார், மறுபடி படுத்துக் குறட்டை விட்டார். விடிந்ததும், இந்தப் பையனைக் கொன்ற பாவி யார் என்று கண்கலங்கினாராம். கதைதான். ஆனால் சாவ் சாவைத் தெரிந்த யாரும் அதை நம்ப மறுத்ததாகத் தெரியவில்லை.

தலைவலிக்கு வந்த வைத்தியர் ஹுவா துவோ. மதுவில் கலந்த மயக்கமருந்தைக் கொடுத்து வயிற்றையே அறுத்துத் தைத்தவர் என்று சரித்திரத்தில் எழுதியிருக்கிறது. மண்டையைப் பிளந்து வைத்தியம் பார்க்கலாம் என்று அவர் சொன்னதாகப் பிற்காலத்து நாவல்காரர்கள் சேர்த்துவிட்டார்கள். எப்படியோ, 208 வாக்கில் சாவ் சாவ் அவரைத் தீர்த்துக் கட்டினார். சாவதற்கு முன் ஹுவா துவோ தன் மருத்துவ ஏட்டைச் சிறைக் காவலனிடம் நீட்டினார். அவன் வேலை போய்விடும் என்று வாங்கவில்லை. ஏட்டைக் கொளுத்திப் போட்டார். மனித குலத்தின் மகத்தான மயக்கமருந்து ஒன்று, மேலதிகாரிக்குப் பயந்த ஒரு சிப்பந்தியால் சாம்பலானது. மலேசியாவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. நாங்கள் தோட்டத்துக் குமாஸ்தாக்களான கிராணிமார்களைப் பார்த்திருக்கிறோம்.

அதே காலத்தில் ஜாங் ஜோங்ஜிங் என்று இன்னொரு வைத்தியர். இருநூறு பேருக்கு மேல் இருந்த அவருடைய சொந்தபந்தத்தில், 196-க்குப் பிந்தைய பத்து வருஷத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு செத்துப் போனார்கள், பெரும்பாலும் காய்ச்சலில். மிச்சம் இருந்தவர்களுக்குத் தூக்கம் வந்திருக்குமா? உடம்பு தேய்ந்து, மனம் கொதித்து, படுத்தால் கண் மூடாதவர்களுக்கு என்று அவர் ஒரு கஷாயம் எழுதினார். சரக்கு ஐந்து. காட்டு இலந்தையின் பருப்பு, அதிமதுரம், பைன் மரத்து வேரில் முளைக்கும் ஃபூலிங் என்ற காளான் கட்டி, ஜிமூ என்ற கிழங்கு, சுவான்சியோங் என்ற வாசனை வேர். எட்டுப் பங்கு தண்ணீரில் இலந்தைப் பருப்பை மட்டும் போட்டு ஆறு பங்காக வற்றவை, பிறகு மற்றதைப் போட்டு மூன்று பங்காக வற்றவை, மூன்று வேளையாக இளஞ்சூட்டில் குடி. இன்றைக்கும் சுவான்சாவ்ரென் டாங் என்ற பெயரில் சிலாங்கூரின் வட கோடியில், பெர்னாம் ஆற்றங்கரைச் சபாக் கடைத்தெருவில், சீன மருந்துக்கடைக்காரர் இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து நிறுத்துக் கொடுப்பது இதே ஐந்தைத்தான்.

இலந்தையைப் பற்றித் தமிழனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1968-இல் எல்.ஆர். ஈஸ்வரி சினிமாப் பாட்டில் கூவி விற்ற பழம். பத்ரிநாத்தில் பெருமாளே அந்த மரத்தடியில்தான் உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஆயிரக்கணக்கான வருஷமாக நாம் என்ன செய்தோம்? சதையைச் சப்பிவிட்டுக் கொட்டையைத் துப்பினோம். சீனர்கள் கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் செம்பழுப்புப் பருப்பை லேசாக வறுத்து, அதைக் காசாக்கினார்கள். அவர்களுடையது வடசீன மலைகளில் முள்ளோடு வளரும் புளிப்பு ரகம், நம்முடையது வேறு ரகம். விலை ஏறிவிட்டதும் கலப்படக்காரர்கள் நம் ரகத்துப் பருப்பையும் அதோடு கலந்து விற்க ஆரம்பித்தார்கள். ஆக, நாம் துப்பியது சீனத்து மருந்துக்கடைக்குள் கள்ளத்தனமாக நுழைந்து, நல்ல விலைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்ட முன்னேற்றம் தோட்டத்தை விட்டுப் பட்டணம் போனவர்களுக்கே வாய்க்கவில்லை.

தூக்கத்துக்கு மருந்து எழுதிய ஏடு அதற்கப்புறம் என்ன ஆனது? தூங்கியது. போர், தீ, கரையான் எல்லாம் தின்றது போக, பதினோராம் நூற்றாண்டில் வாங் ஜூ என்ற பண்டிதர் அரசாங்க நூலகத்தில் குடைந்துகொண்டிருந்தபோது, பூச்சி அரித்த கட்டு ஒன்று கையில் தட்டுப்பட்டது. 'தங்கப் பேழை' என்று நாம் சுருக்கமாக அழைக்கக்கூடிய நூல் அதுதான். சுமார் எண்ணூறு வருஷ உறக்கம். தன் மருந்துக்கு அதைவிட நல்ல நற்சான்று ஜாங் ஜோங்ஜிங்குக்குக் கிடைத்திருக்காது.

ஆனால் எல்லாருக்கும் இலந்தை போதவில்லை. படபடப்பு வந்தால், கெட்ட கனவு வந்தால், டிராகன் எலும்பு. ஆமாம், வானத்தில் பறக்கும் அதே பிராணியின் எலும்பு. பொடித்து, சிப்பியோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் அலையும் மனசு அடங்கும் என்று எழுதியிருக்கிறது. டிராகன் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் தேவைக்கு மேல் கிடைத்தது. வயலில் உழுதால் எலும்பு, குகையில் தோண்டினால் எலும்பு. எல்லாம் லட்சக்கணக்கான வருஷத்துக்கு முன் செத்த யானை, காண்டாமிருகம், மான், குதிரை. மருந்துக்கடை தராசு வம்சாவளி கேட்பதில்லை.

ஹெனான் மாநிலத்தில் சியாவ்டுன் என்று ஒரு கிராமம். அங்கே வயலில் கிடைத்த எலும்புத் துண்டுகளில் கீறல் கீறலாக ஏதோ இருந்தது. கீறல் உள்ள எலும்பைக் கடைக்காரன் வாங்கமாட்டான். டிராகனுக்கு எதற்கு எழுத்து? அதனால் விவசாயிகள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சுரண்டி வழவழப்பாக்கி விற்றார்கள். 1899-இல் பெய்ஜிங்கில் வாங் யீரோங் என்ற பெரிய படிப்பாளிக்குக் காய்ச்சல். மருந்துக்கு வந்த எலும்பில் சுரண்ட மறந்த ஒரு துண்டு இருந்ததாம். பார்த்தார், திடுக்கிட்டார், அதற்கப்புறம் நகரத்தில் கண்ணில் பட்ட எலும்பை எல்லாம் வாங்கிக் குவித்தார். அது மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய சாங் வம்சத்து எழுத்து. சீன எழுத்தின் ஆகப் பழைய பெருந்தொகுப்பு அத்தனை காலமாகத் தூக்கம் வராதவர்களின் வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அந்த எலும்பில் என்ன எழுதியிருந்தது என்பதுதான் வேடிக்கை. சாங் ராஜா வூ டிங் எதற்கெடுத்தாலும் குறி கேட்பார். ஆமை ஓட்டையோ மாட்டின் தோள்பட்டை எலும்பையோ சூடுபடுத்தி, வெடிக்கிற விரிசலைப் பார்த்துப் பலன் சொல்வார்கள். கேள்வியையும் பதிலையும் அதிலேயே செதுக்கி வைப்பார்கள். பல்வலி வந்தது, எந்த மூதாதையின் கோபம்? ராணிக்குப் பிரசவம், ஆணா பெண்ணா? பெண் பிறந்ததும் 'நல்லதல்ல' என்று பதிந்துவைத்த குறிப்பும் இருக்கிறது. மூவாயிரம் வருஷமாகச் சில குடும்பங்களில் இந்த வசனம் மாறவில்லை. அப்புறம், ராஜாவுக்குக் கெட்ட கனவு வந்தது, இது யார் வேலை? ராத்திரி கனவு கண்டு அலறிய ராஜா எலும்பைச் சுட்டுக் கேள்வி கேட்டார். மூவாயிரம் வருஷம் கழித்து, இன்னொருவன் கெட்ட கனவு கண்டு அலறி, அந்தக் கேள்வியையே பொடித்துக் குடித்துவிட்டுப் படுத்தான். மருந்து வேலை செய்ததா என்று எந்த எலும்பிலும் எழுதவில்லை.

வாங் யீரோங்குக்கு இந்தப் பெருமையை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. மறுவருஷமே எட்டு நாட்டுப் படை பெய்ஜிங்குக்குள் நுழைந்தது, மனிதர் கிணற்றில் குதித்துவிட்டார். சியாவ்டுன் விவசாயிகள் அவ்வளவு உணர்ச்சிவசப்படவில்லை. எழுத்துள்ள எலும்புக்குத்தான் இனி விலை என்று தெரிந்த நாள் முதல், நேற்றுவரை சுரண்டிய அதே எலும்பில் புதிதாகச் செதுக்கிப் போலி எழுத்து விற்க ஆரம்பித்தார்கள்.

1935-இல் ஃபான் கேனிக்ஸ்வால்ட் என்ற விஞ்ஞானி ஹாங்காங் மருந்துக்கடை ஒன்றின் டிராகன் எலும்புச் சரக்கில் ஒரு கடைவாய்ப் பல்லைக் கண்டெடுத்தார். மனிதக் குரங்கு எதற்கும் பொருந்தாத ராட்சதப் பல். அதற்கு ஜைகான்டோபிதிகஸ் என்று பேர் வைத்தார். உலகத்திலேயே பெரிய குரங்கை, காட்டில் அல்ல, தூக்க மருந்து விற்கிற கடையில் பல்லாங்குழிக் காய் அளவுக்கு மிஞ்சியிருந்தபோதுதான் பிடித்தார்கள்.

அரசர்களுக்கு எலும்பும் போதவில்லை. அவர்களுக்குச் சாதிலிங்கம் வேண்டும், அதாவது பாதரசம் அடங்கிய சிவப்புக் கல். பதின்மூன்றாம் நூற்றாண்டு வைத்தியர் லி டொங்யுவான் அதையே பிரதானமாக வைத்து மனதை அமர்த்தும் உருண்டை ஒன்று செய்தார். ரசம் தின்றால் அமைதி உண்டாகும் என்பதில் பொய்யில்லை, கொஞ்சம் கூடுதலாகத் தின்றால் நிரந்தரமாகவே உண்டாகும். மிங் பேரரசர் ஜியாஜிங் சாகாமல் இருப்பதற்காக இந்த வகை மருந்துகளாகவே தின்றார். அதற்குச் சரக்குச் சேர்க்கிறேன் என்று அரண்மனைப் பெண்களைப் படாத பாடு படுத்தினார். 1542-இல் பதினாறு பெண்கள் சேர்ந்து, அவர் தூங்கும்போது பட்டுக் கயிற்றைக் கழுத்தில் போட்டு இறுக்கினார்கள். முடிச்சு தப்பாகிவிட்டது, இறுகவில்லை. ஒருத்தி பயந்துபோய் மகாராணியிடம் ஓடிச் சொல்லிவிட்டாள். பெண்களைக் கொடூரமாகக் கொன்றார்கள். பேரரசர் பிழைத்து, அந்த அரண்மனையில் தங்கவே மாட்டேன் என்று மேற்குத் தோட்டத்துக்குக் குடிபோய், மேலும் 24 வருஷம் மருந்து தின்று 1567-இல் செத்தார். அந்த 24 வருஷத்தில் எத்தனை ராத்திரி கழுத்தைத் தடவிப் பார்த்திருப்பார் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன்.

சிரிக்காதீர்கள், சாதிலிங்கம் நம் சித்தர்களுக்கும் உறவுதான். போகர் சீனாவுக்கும் பழனிக்கும் போய்வந்தார், சொந்தமாக விமானம் செய்து ஓட்டினார் என்றெல்லாம் நம்புகிற குடும்பத்தில் பிறந்தவன் நான். பழனியில் நவபாஷாணத்தில் சிலையே செய்து வைத்தவர் என்பது மரபு. சரக்கை அங்கிருந்து இங்கே கொண்டுவந்தாரா, இங்கிருந்து அங்கே கொண்டுபோனாரா என்று இரண்டு பக்கத்து வைத்தியர்களும் சண்டை போட்டுக்கொள்ளட்டும். விமானத்தில் சுமை எவ்வளவு ஏற்றலாம் என்று எந்த ஏடும் சொல்லவில்லை.

இனி நம் ஊருக்கு வரலாம்.

பேராக்கின் கோப்பேங்கில் 1879-இல் யூ கோங் என்பவர் யான் சாங் என்று ஒரு மருந்துக்கடை திறந்தார். ஈய லம்பங்களில் இடுப்பளவு தண்ணீரில் நின்ற சீனத் தொழிலாளிகள் உடம்பு வலிக்கும் மனசு வலிக்கும் தூக்கத்துக்கும் அபினியையே நம்பிக் கிடக்கிறார்கள், அவர்களுக்கு மூலிகை கொடுத்துத் திருத்துவோம் என்பது நோக்கம் என்று கம்பெனி இன்றும் சொல்கிறது. நல்ல எண்ணம். ஆனால் எதிரே நின்ற போட்டியாளர் லேசுப்பட்டவர் இல்லை, பிரிட்டிஷ் சர்க்கார். நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் சில வருஷங்களில் பாதியளவு அபினியிலிருந்து வந்தது. முதலில் குத்தகைக்கு விட்டார்கள். குத்தகைக்காரன் லாபம் பார்ப்பது பொறுக்காமல் 1910-இல் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரில் சண்டு, அதாவது புகைக்கிற அபினி, காய்ச்சிய ஆலைக்குப் பக்கத்துக் குன்றுக்கு இன்றும் புக்கிட் சண்டு என்றுதான் பேர்.

அபினி எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து. காஜிப்பூரில் 1820-லிருந்து அரசாங்க அபினித் தொழிற்சாலை நடக்கிறது. அங்கே சுற்றுச்சுவர் ஏறி வரும் குரங்குகள் கழிவுநீரைக் குடித்துவிட்டு மர நிழலில் மல்லாந்து கிடப்பது பிரசித்தம். லார்டு கார்ன்வாலிஸ் 1805-இல் செத்து அடங்கியதும் அதே ஊரில்தான். காஜிப்பூரில் யாருக்கும் தூக்கப் பிரச்சினை இருப்பதாகத் தெரியவில்லை. அந்தச் செடியின் விதைதான் நம் குருமாவில் அரைக்கிற கசகசா. மலேசியாவில் மளிகைச் சாமான், கடற்பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனால் வழக்கு.

மலாயாவில் காலனி ஆட்சி தூக்கத்தையும் இனவாரியாகப் பங்கு வைத்தது. சீனனுக்குச் சண்டு. வெள்ளைத் துரைக்கு வராந்தாவில் ஸ்டெங்கா, அதாவது பாதி விஸ்கி பாதி சோடா. தமிழனுக்குத் தோட்டத்துக் கள்ளுக்கடை. ஒருவர் மருந்தை மற்றவர் தொட்டால் ஒழுக்கம் கெட்டுவிடும் என்று எல்லாரும் கவலைப்பட்டார்கள்.

தூக்கத்தைக் கெடுத்ததும் இதே துரைமார்கள்தான் என்பதைச் சொல்ல வேண்டும். ரப்பர் மரம் வெயில் ஏறுவதற்கு முன்னால், உள்ளே தண்ணீர் அழுத்தம் நிறைந்திருக்கும்போதுதான் நன்றாகப் பால் கொடுக்கும். அதனால் இருட்டிலேயே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணி. லயத்துக் கதவை எல்லாம் தட்டிக்கொண்டு கங்காணி. தூங்குகிறவனைக் குச்சியால் கிளப்பி, அதற்கப்புறம் அவனுக்கே சாயங்காலம் கள் விற்று, மறுநாள் விடிவதற்குள் மறுபடி கிளப்பி... இந்த வட்டத்தைக் கண்டுபிடித்தவனுக்கு ஒரு நோபல் பரிசு கொடுத்திருக்க வேண்டும். நிஜத்தில் ஒரு துரைக்குப் பரிசு கிடைக்கத்தான் செய்தது. கோலசிலாங்கூர் பக்கம் தோட்டம் போட்ட பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே, யான் சாங் கடை திறந்த அதே 1879-இல் பிறந்தவர். 1917-இல் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கென்று செம்பனை நட்டவர். நட்ட தோட்டத்தின் பேர் தென்னமரம்! பிறகு 'மலேசி' என்று நாவல் எழுதி 1930-இல் கோன்கூர் பரிசு வாங்கினார். பெரட்டுக்கு எழுந்தவர்கள் யாரும் நாவல் எழுதவில்லை. கண் சொக்கியிருக்கும்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது வைத்த கோரிக்கைகளில், துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பது ஒன்று, கள்ளுக்கடையை மூடு என்பது ஒன்று. தலைவர் ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள், தொழிலாளிகளைச் சுட்டார்கள், சிலர் செத்தார்கள். சைக்கிள் விஷயம் காலப்போக்கில் சரியானது. கள்ளுக்கடை இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் எங்கள் பாட்டிக்குத் தூக்கம் போனது. வேலையிலிருந்து நின்று சில வருஷம் ஆகியும் ராத்திரி மூன்றரைக்குக் கண் திறந்துகொள்ளும். மணி அடிக்கிறதோ இல்லையோ, பாட்டி எழுந்து அடுப்பைப் பற்றவைத்து உட்கார்ந்திருப்பாள். தோட்டத்து டிரஸ்ஸர் கொடுத்த தண்ணி மருந்து எல்லா வியாதிக்கும் ஒரே நிறம். ஜாதிக்காயைப் பாலில் உரைத்துக் குடித்தாள். கடைசியில் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள் என்று சபாக் சீன மருந்துக்கடைக்கு என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் எங்கள் பாட்டி. தாத்தாவை அதற்காக வாழ்நாள் முழுக்கத் திட்டித் தீர்த்தவள்.

கடை முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் சீன எழுத்து. முண்டா பனியன் போட்ட ஆபெக், அதாவது கடைக்காரச் சீனப் பெரியவர், மூன்று விரலை வைத்து நாடி பார்த்தார். நம் வைத்தியரும் மூன்று விரல்தான் என்பதால் பாட்டி தலையாட்டினாள். "பாடான் பாஞாக் பானாஸ்" என்றார். "அதான் நானும் சொன்னேன், சூடு" என்றாள் பாட்டி. ஆயிரக்கணக்கான வருஷத்து இரண்டு வைத்திய மரபுகள் அரை நிமிஷத்தில் உடன்பட்டுவிட்டன. மெல்லிய கோல் தராசின் நூலைப் பெருவிரலால் நகர்த்தி நகர்த்தி நிறுத்தார். இலந்தைப் பருப்பை மட்டும் சின்னப் பித்தளை உரலில் போட்டு இடித்தார். அந்தச் சத்தம் கோயில் மணி போலக் கணீரென்று இருந்தது. எல்லாவற்றையும் இளஞ்சிவப்புத் தாளில் சதுரமாக மடித்தார். மூன்று கிண்ணம் தண்ணீர் விட்டு ஒரு கிண்ணமாக வற்றவை என்று விரலால் காட்டினார். எனக்கு வட்ட வட்டமாக அடுக்கிய புளிப்பு மிட்டாய் ஒரு சுருள்.

கஷாயம் கொதித்தபோது லயம் முழுக்க ஒரு வாடை. நாலாவது வீட்டிலிருந்து ஆள் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள். பாட்டி குடித்தாள், முகத்தைச் சுளித்தாள், கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். எட்டு மணிக்குப் படுத்தவள் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். மூன்றரைக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஐந்து பொட்டலம் தீர்ந்ததும் மறுபடி கடைக்குப் போனோம், சண்டைக்கு. மருந்து ராத்திரியைத்தான் முன்னுக்குத் தள்ளுகிறது, மூன்றரையை அசைக்கவில்லை என்பது பாட்டியின் கட்சி. ஆபெக் பொறுமையாகக் கேட்டார். கொட்டாவி விட்டார். அவர் கண்ணுக்குக் கீழே கறுப்பாக இரண்டு பை தொங்குவதைப் பாட்டி அப்போதுதான் கவனித்தாள்.

"லூ சென்டிரி மாக்கான் கா இனி ஓபாட்?" என்றாள். இதை நீ தின்கிறாயா என்று கேட்டாள்.

ஆபெக் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தா மாக்கான். வா தா பொலே தீடோர், வா மீனும் தோடி." தனக்கும் தூக்கம் வருவதில்லை, கள்தான் குடிக்கிறாராம். எங்கே என்று பாட்டி கேட்டாள். எங்கள் தோட்டத்துக் கடையைச் சொன்னார்.

பாட்டிக்குப் பொறுக்கவில்லை.

"சித்து தா பாகுஸ், சம்போர் ஆயேர்" என்றாள். "அங்க தண்ணி கலக்குறான் ஆபெக். ஆத்தோரத் தென்னந்தோப்புக் கடைக்குப் போ, காலையிலயே போ, சாயங்காலம்னா புளிச்சிரும்."